குளிர்ந்த மூலக்கூறும் அதன் ஒளியும்



ஒருவனது இயல்பை உள்ளவாறு அறிய விரும்புவார் அவனைத் தேர்த்திருவிழாக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி அறிய முயலார். தனியே அழைத்து, அமைதியாக அமர்த்தி, அவனைப் பேசவிட்டே அறிவர். மூலக்கூற்றின் இயல்பை அறிதற்கும் அதுவே வழி. ஆயின், மூலக்கூற்றைத் தனிப்படுத்துதலும் அமைதிப்படுத்துதலும் ஒன்றோடொன்று முரண்பட்ட இரு வினைகளாகும். தனிப்படுத்த வேண்டுமாயின் பொருளைச் சூடேற்றி ஆவியாக்குதல் வேண்டும். அமைதிப்படுத்த வேண்டுமாயின் குளிர்வித்தல் வேண்டும். சூடேற்றினால் அது கூத்தாடும். குளிர்வித்தாலோ அண்டையிலுள்ளவற்றைப் பற்றிக்கொண்டு உறைந்து கட்டியாகிவிடும். இவ்விரு முட்டுகளுக்கு இடையே அறிவியலார் நெடுங்காலம் இடர்ப்பட்டு நின்றனர். 1974-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் அம்முடிச்சு அவிழ்ந்தது. அஃது அவிழ்ந்த வகையும், அதனால் விளைந்த அறிவும் இப்பொழிவின் பொருளாகும்.

சில பொருள்கள் தம்மேற்படும் ஒளியை உண்டு, உடனே வேறொரு நிறத்து ஒளியாக உமிழ்கின்றன. கொயினா கரைந்த நீரின்மேல் கதிரவன் ஒளி பட்டால் நீல மினுக்கம் ஒன்று தோன்றும். வீடுகளிலும் பள்ளிகளிலும் பல்லாண்டு எரிந்த குழல்விளக்கின் வெள்ளொளியும் இவ்வினத்ததே. குழலினுள்ளே இதள் எனப்படும் பாதரசத்தின் ஆவி புற ஊதாக் கதிரை எழுப்ப, உட்புறத்தே பூசப்பட்ட வெண்பொடி அதனை உண்டு கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகத் தந்தது. ஆங்கிலேய நாட்டில் வாழ்ந்த இசுட்டோக்சு என்னும் அறிஞர் 1852-இல் இந்நிகழ்ச்சியை நுணுகி ஆய்ந்து, உமிழப்படும் ஒளியின் அலைநீளம் உண்ணப்படும் ஒளியின் அலைநீளத்தினும் மிக்கதாதலைக் காட்டினார். இவ்வாறு ஒளிரும் ஒரு கல்லின் பெயரை அடியாகக் கொண்டு அவர் அதற்குப் பெயரும் இட்டார். கல்லின் பெயரைக் கேட்டு நிகழ்ச்சியை உணர்தல் எவர்க்கும் அரிது. தமிழிலோ உடனொளிர்வு என்றதுமே செய்தி விளங்கிவிடுகின்றது. ஒளி நீங்கிய பின்னும் நின்று ஒளிர்வது நின்றொளிர்வு. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெயரிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

மூலக்கூற்றினுள் நிகழ்வது யாது? ஒளியை உண்ட எதிர்மின்னி ஓர் ஆற்றற்படியிலிருந்து மேற்படிக்குத் தாவுகின்றது. நொடியின் நூறுகோடியில் ஒரு பங்கு, அல்லது அதனிற் சில மடங்கு காலம் ஆண்டுத் தங்குகின்றது. பின்னர் ஒளியை உமிழ்ந்து கீழிறங்குகின்றது. மேலேறுவதற்கு எந்த அலைநீளத்து ஒளியை உண்டது, கீழிறங்குங்கால் எவ்வெவ் அலைநீளத்து ஒளியை உமிழ்ந்தது என்பவற்றைக் கோடுகோடாகப் பிரித்து வரைந்தால் கிடைப்பதே நிறமாலை. அது மூலக்கூறு தன் கையால் எழுதித் தரும் வரலாறு. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கு அதன் கட்டமைப்பு, பிணைப்புகளின் இறுக்கம், உருவத்தின் வளைவு நெளிவு ஆகிய எல்லாம் அதில் உள.

ஆனால் அவ்வெழுத்து எளிதிற் படிக்க வாய்ப்பதில்லை. மூலக்கூறு எதிர்மின்னித் தாவலை மட்டும் உடையதன்று. அதன் அணுக்கள் ஒன்றையொன்று நோக்கி அதிர்கின்றன. மூலக்கூறு முழுவதும் பம்பரம்போற் சுழலவும் செய்கின்றது. மூன்று அணுக்களையுடைய நீர்மூலக்கூற்றுக்கு அதிரும் வகைகள் மூன்று. கரிமச் சேர்மங்களோ பல பத்து அணுக்களை உடையன. அவற்றுக்கு அதிரும் வகைகள் நூற்றுக்கணக்கில் உள. சுழற்சிக்கோ எண்ணற்ற படிகள். இதற்குமேற் குளிர இயலாது என்னும் கடையெல்லையிலிருந்து எண்ணப்படும் வெப்ப அளவு கெல்வின் எனப்படும். அவ்வளவில் அறையின் வெப்பநிலை ஏறத்தாழ 300. அந்நிலையில் ஒரு கலத்திலுள்ள மூலக்கூறுகள் ஒரே படியில் நிற்பதில்லை. ஆயிரமாயிரம் படிகளிற் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொரு படியிலிருந்தும் தாவுவது ஒவ்வொரு கோட்டை வரைகின்றது. ஆயிரவர் ஒரே ஓலையில் ஒருவர் எழுத்தின்மேல் ஒருவர் எழுதினால் எஞ்சுவது மைப்பரப்பு ஒன்றே அன்றோ? பெரிய மூலக்கூறுகளின் நிறமாலை அகன்ற மங்கற் பட்டையாகவே தோன்றியது அதனாலேதான். அம்மங்கலை மூலக்கூற்றின் பிறவிக்குற்றம் எனக் கருதிக் கைவிட்டாரும் உளர். குற்றம் மூலக்கூற்றினுடையதன்று, சூட்டினுடையது, கூட்டத்தினுடையது.

குளிர்வித்துப் பார்க்கும் முயற்சி முன்னரே நிகழாமல் இல்லை. உருசிய அறிஞர் இசுப்போல்சுகி 1952-இல் சில கரிமச் சேர்மங்களைத் தக்க நீர்மங்களிற் கரைத்து உறையவைத்து, அவற்றின் உடனொளிர்வு கூரிய கோடுகளாகப் பிரிவதைக் கண்டார். அரிய செயலே. ஆயினும் உறைந்த கட்டியினுள் மூலக்கூறு சிறைப்பட்டவனைப் போன்றது. சுற்றியுள்ள சுவர்கள் அதனை நெருக்கும், சுழலவும் விடா. அது கூறுவதில் எப்பகுதி தன்னுடையது, எப்பகுதி சுவரினுடையது என்னும் ஐயம் நீங்குவதில்லை.

இனி, சிக்காகோவில் கைக்கொண்ட வழியைக் காணவேண்டும். மிதிவண்டிச் சக்கரத்தின் காற்றுக் குழாயை அழுத்தித் திறந்தால் சீறிவரும் காற்று குளிர்ந்திருப்பதைப் பலரும் அறிவர். அதே நிகழ்ச்சியை அளவுகடந்து பெருக்கிக்கொள்க. ஈலியம் அல்லது ஆர்கான் என்னும் வளியை மிகுந்த அழுத்தத்தில் ஒரு கலத்தில் அடைத்து, மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவினதாகிய, அல்லது அதனினும் சிறிய துளை ஒன்றின் வழியே வெற்றிடத்துள் பாயவிடுகின்றனர். ஆராயவேண்டிய மூலக்கூறு அவ்வளியில் மிகச் சிறிய பங்காகவே கலந்திருக்கும்.

துளைக்கு அப்பால் நிகழ்வதை விளங்கிக்கொள்ளத் திருவிழாக் கூட்டமே துணைசெய்யும். திடலின் உள்ளே மக்கள் நாற்றிசையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றனர், முட்டிக்கொள்கின்றனர். குறுகிய வாயில் ஒன்று திறந்ததும் வெளியே விரைகின்றனர். வாயிலருகே ஓயாத முட்டல். பின்னே வருபவன் முன்னே செல்பவனை உந்துகின்றான், விரைபவன் தடுக்கப்படுகின்றான், பின்தங்குபவன் தள்ளப்படுகின்றான். சற்றுத் தொலைவு சென்றபின் எல்லாரும் ஒரே திசையில், ஒரே விரைவில் ஓடிக்கொண்டிருப்பர். சாலையில் நின்று பார்ப்பவனுக்கு அது பேரோட்டம். கூட்டத்தினுள் ஓடுபவன் தன் அண்டையானைத் திரும்பிப் பார்த்தாலோ அவன் அசையாது நிற்பவன் போன்றே தோன்றுவான். வெப்பநிலை என்பது ஒன்றற்கொன்று மாறுபட்ட அவ்வொழுங்கற்ற ஓட்டத்தின் அளவே. ஒழுங்கற்ற ஓட்டம் முழுதும் ஒழுங்குபட்ட ஓட்டமாக மாறிவிட்டமையால் வெப்பநிலை வீழ்கின்றது. ஆற்றல் அழிந்துவிடவில்லை; திசை பெற்றது.

கணக்கும் இதனை நன்கு காட்டும். அறை வெப்பத்தில் ஈலிய அணு நொடிக்கு ஏறத்தாழ 1,260 மீட்டர் விரைவில் அலைகின்றது. தாரையாகப் பாய்ந்தபின் அதன் விரைவு ஏறத்தாழ 1,770 மீட்டர் வரை உயரும். உயர்வு பெரிதன்று. பின் ஏன் இதனை ஒலியின் விரைவை விஞ்சிய தாரை என்கின்றனர்? விரைவு கூடியது சிறிதேயாயினும், தாரையின் உள்ளே ஒலி செல்லும் விரைவு மிகவும் குறைந்துவிடுகின்றது. வெப்பநிலை 300 கெல்வினிலிருந்து 3 கெல்வினுக்கு இறங்கினால் ஒலியின் விரைவு பத்தில் ஒரு பங்காகும். தாரை ஒலியை விஞ்சுவது தான் ஓடியதனால் மட்டுமன்று, ஒலி தளர்ந்ததனாலும் ஆகும். இந்நுட்பத்தைப் பாடநூல்கள் பலவும் ஒருவரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன. மாணவர்க்கு விளக்கிக் கூறத்தக்க இடம் இதுவே.

இத்துணைக் குளிரில் மூலக்கூறுகள் ஏன் உறைந்து கட்டியாகவில்லை என்னும் வினா இங்கே எழுதல் இயல்பு. விடை முட்டல்களின் எண்ணிக்கையில் உள்ளது. ஒரு மூலக்கூற்றைக் குளிர்விக்க அதனோடு ஓர் அணு முட்டினாற் போதும். இருவர் சந்திப்பு அது. இரண்டு ஒட்டிக்கொண்டு நிலைக்க வேண்டுமாயின், அவற்றின் மிகுதி ஆற்றலைப் பெற்றுச் செல்ல மூன்றாவது ஒன்று அதே நொடியில் அவ்விடத்து இருத்தல் வேண்டும். தாரை விரிய விரிய அதன் அடர்த்தி விரைந்து குறைவதால் மூவர் சந்திப்பு முதலில் அரிதாகிறது; இருவர் சந்திப்பு அதன்பின்னும் சிறிது தொலைவு தொடர்கின்றது. அதன்பின் எந்த முட்டலும் இல்லை. மூலக்கூறு குளிர்ந்த நிலையில், தனியாக, எதனையும் தீண்டாது பறக்கின்றது. தனிமையும் குளிர்ச்சியும் ஒருங்கே வாய்த்தன.

மற்றொரு வியப்பும் உண்டு. தாரையிலுள்ள ஒரே மூலக்கூற்றுக்கு மூவேறு வெப்பநிலைகள்! இயக்கத்தைப் பொறுத்தவரை அது ஒன்றிரண்டு கெல்வின் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். சுழற்சி எளிதில் அடங்குவதாகையால் அதுவும் சில கெல்வின் அளவுக்கு இறங்கிவிடும். அதிர்வோ பிடிவாதம் மிக்கது. அது அடங்குதற்கு முட்டல்கள் மிகப் பல வேண்டும். அதனால் அது பல பத்துக் கெல்வினிலேயே நின்றுவிடுவதும் உண்டு. நிறமாலையைத் தெளிவாக்க அதுவே போதுமானது.

துளைவழிப் பாயும் தாரையை மூலக்கூற்றுக் கற்றைகளுக்குப் பயன்படுத்தலாம் என்னும் கருத்து 1951-இலேயே காண்ட்ரோவிட்சு, கிரே என்னும் இருவரால் முன்வைக்கப்பட்டது. அவர்கள் வேண்டியது செறிவான கற்றை. நிறமாலையைத் தெளிவாக்கும் கருவியாக அதனை ஆண்டவர் சிக்காகோவினர். இலெனார்டு வார்ட்டன் கற்றைகளிற் கைதேர்ந்தவர். தொனால்டு இலெவி நிறமாலையியலில் வல்லவர். இரிச்சர்டு இசுமாலி முனைவர்ப் பட்டம் பெற்று 1973-இல் அவர்களிடம் வந்துசேர்ந்த இளைஞர். இருவேறு துறையினர் ஒரே கூரையின்கீழ் இருந்தமையே பாதி வெற்றி எனலாம். மற்றப் பாதியைத் தந்தது, 'லேசர்' என வழங்கும் சீரொளி. 1966-இல் தோன்றிய சாயச் சீரொளி, யாழின் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டுவதுபோல், வேண்டும் அலைநீளத்துக்குத் திருப்பத்தக்கது.

அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது நைட்ரசன் ஈராக்சைடு. மூன்றே அணுக்களையுடைய செந்நிற வளி, பார்வைக்கு எளியது, நிறமாலையிலோ பெருங்காடு. அதன் கோடுகளைப் பிரித்தறிய முயன்று பல்லாண்டு உழைத்தவர் பலர். சிக்காகோவினர் அதனை ஆர்கானோடு கலந்து தாரையாக்கினர். சுழற்சி வெப்பநிலை 3 கெல்வின் அளவுக்கு வீழ்ந்தது. காடு திருத்தப்பட்ட கழனியாயிற்று. அடர்ந்து கிடந்த கோடுகளின் இடத்தில் எண்ணத்தக்க சில கோடுகளே நின்றன.

தாரையிலுள்ள மூலக்கூறுகள் மிகச் சில. அவை உண்ணும் ஒளி அதனினும் சிறிது. பேரொளி ஒன்றில் அணுவளவு குறைவு நேர்ந்ததா எனப் பார்த்தல், நண்பகலில் விண்மீனைத் தேடுவதற்கு ஒப்பாகும். உடனொளிர்வு முறையிலோ, பின்புலம் இருள். ஒளியை உண்டவை உமிழும் மங்கிய ஒளி மட்டுமே பக்கவாட்டிலுள்ள ஒளியுணர் குழலுக்குள் நுழைகின்றது. நள்ளிரவில் மலைமேல் ஏற்றிய சிறுவிளக்கும் கண்ணுக்குத் தப்பாது. அளக்கும் முறையும் இருவகைப்படும். சீரொளியின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போய், எப்போதெல்லாம் ஒளிர்வு எழுகின்றது எனக் குறித்தால் மேற்படிகளின் அமைப்புத் தெரியும். சீரொளியை ஒரு கோட்டில் நிறுத்திவிட்டு, எழும் ஒளிர்வை நிறம் நிறமாகப் பிரித்தால் கீழ்ப்படியின் அதிர்வுகள் தெரியும். ஏணியின் இருமுனையும் இவ்வாறு அளக்கப்படுகின்றன.

தாலோசயனின் என்னும் நீலச் சாயப்பொருள் இம்முறையின் ஆற்றலுக்கு நல்ல சான்று. அதன் மூலக்கூற்றில் அணுக்கள் 58. அதிரும் வகைகள் 168. அதனை ஆவியாக்க 400 பாகைக்கு மேற்பட்ட சூடு வேண்டும். அச்சூட்டில் ஒவ்வொரு மூலக்கூறும் அதிர்வாற்றலால் நிரம்பித் தளும்பும். அத்தகைய கொதிக்கும் ஆவியைச் சிக்காகோவினர் ஈலியத்தோடு சேர்த்துத் துளைவழிப் பாய்ச்சினர். துளைக்கு இப்புறம் உலைச்சூடு. ஒருசில மில்லிமீட்டர் அப்பால் பனியினும் கடுங்குளிர். 58 அணுக்களின் மூலக்கூறு கூரிய கோடுகளாகத் தன்னை எழுதிக்காட்டியது. பெரிய மூலக்கூறுகள் தெளிவாகப் பேசா என்னும் கருத்து அதனோடு வலுவிழந்தது.

குளிரில் மெல்லிய உறவுகளும் நிலைக்கின்றன. ஈலியம் எவற்றோடும் கூடாத தனியன் எனப் பெயர்பெற்றது. 1976-இல் அயோடின் மூலக்கூற்றின்மேல் ஓர் ஈலிய அணு ஒட்டியிருப்பதை உடனொளிர்வு காட்டிக்கொடுத்தது. அப்பிணைப்பின் வலிமை அறை வெப்ப ஆற்றலிற் பத்தில் ஒரு பங்கும் இல்லை. அயோடின் ஒளியுண்டு அதிரத் தொடங்கியதும், அதிர்வின் ஒரு படியைப் பெற்றுக்கொண்டு ஈலியம் விலகி ஓடிவிடுகின்றது. எஞ்சிய அயோடின் ஒருபடி குறைந்த நிலையிலிருந்து ஒளிர்வதால் அச்செய்தி புலனாகின்றது.

இசுமாலி 1976-இல் இரைசுப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஆங்கே சீரொளியாற் பொருள்களை ஆவியாக்கி ஈலியத் தாரையிற் குளிர்விக்கும் கருவியை அமைத்தார். அக்கருவியிலேதான் 1985-இல் கரியணு அறுபதால் ஆகிய பந்துமூலக்கூறு வெளிப்பட்டது. அதற்காக அவரும் கெர்ல், குரோட்டோ ஆகிய இருவரும் 1996-இல் நோபெல் பரிசு பெற்றனர். உலகம் பந்தை அறியும். அதனை ஈன்ற துளையை அறிந்தார் சிலரே.

சிக்காகோவில் நின்ற இலெவியோ உயிர்ப்பொருள்களின் பக்கம் திரும்பினார். புரதங்களை ஆக்கும் அமினோக் காடிகள் இருபதனுள் தாமே ஒளிர்வன மூன்று. அவற்றுள் புரத ஒளிர்வுக்குத் தலையாய கரணியம் திரிப்டோபான். அஃது இருக்கும் இடத்தின் சூழலுக்கேற்ப அதன் ஒளிர்வு மாறுவதால், புரதம் மடிகின்றதா விரிகின்றதா என அறிய ஆய்வாளர் அவ்வொளியையே ஒற்றனாகக் கொள்வர். ஒற்றன் சொல்வதை நம்பவேண்டுமாயின் ஒற்றனை முதலில் அறிதல் வேண்டும். நீரில் கரைந்த தனித் திரிப்டோபானின் ஒளிர்வு ஒரே சீராகத் தணிவதில்லை. விரைந்து தணியும் ஒரு பகுதியும் மெல்லத் தணியும் ஒரு பகுதியும் அதில் உள. ஒரே மூலக்கூற்றுக்கு இருவேறு வாழ்நாள் எங்ஙனம்? அது பலவாறு மடங்கி நிற்கக்கூடும் என்றும், ஒவ்வொரு மடக்கமும் ஒவ்வொரு வகையாக ஒளிரும் என்றும் சிலர் கருதினர். நீரில் அவ்வடிவங்கள் ஓயாது ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டிருப்பதால் அவற்றைத் தனித்தனியே காணல் அரிது.

தாரையில் அம்மாற்றம் நின்றுவிடும். ஓடிக்கொண்டிருந்தவன் எந்நிலையில் இருந்தானோ அந்நிலையிலேயே உறைந்தாற்போல, ஒவ்வொரு மூலக்கூறும் தன் மடக்கத்தோடு நிற்கும். 1985, 1986 ஆண்டுகளில் இரிசோ, பார்க்கு, பெட்டேனு ஆகியோருடன் இலெவி இவ்வாய்வை நிகழ்த்தினார். திரிப்டோபான் சூடேற்றினாற் சிதையும் இயல்பினது. ஆதலின் பாகம் அறிந்து ஆவியாக்க வேண்டியதாயிற்று. 287 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே நெருங்கிய பல கோடுகள் தோன்றின. சீரொளியின் செறிவைக் கூட்டும்போது ஒரே வடிவத்துக்குரிய கோடுகள் ஒரே வகையாக நிறைவெய்தும். அதனைக்கொண்டு கோடுகளை இனம் பிரித்தபோது, மூலக்கூற்றுக்கு வடிவங்கள் ஆறு எனத் தெரியவந்தது. அவற்றுள் ஒன்று ஏனையவற்றைப் போன்று ஒளிராமல், செந்நிறத்தின் பக்கமாக நகர்ந்த அகன்ற ஒளிர்வைத் தந்தது. மடக்கம் மாறினால் ஒளிர்வும் மாறும் என்பது கருத்தளவில் நில்லாமல் கண்கூடாயிற்று.

இதனைக்கொண்டு நீரிலும் உடலிலும் நிகழ்வதெல்லாம் விளங்கிவிட்டது என்று துணிதல் பொருந்தாது. தாரையிலுள்ள திரிப்டோபான் மின்னேற்றம் அற்றது. நீரிலுள்ளதோ ஒருமுனையில் நேர்மின்னும் மறுமுனையில் எதிர்மின்னும் தாங்கியது. இரண்டும் ஒரே பெயருடைய இருவேறு நிலைகள். எனவே ஆய்வாளர் இடைவழி ஒன்றை வகுத்தனர். தாரையில் நீராவியையும் சிறிது கலந்து, மூலக்கூற்றின்மேல் நீரை ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, ஒவ்வொரு நீர்மூலக்கூறும் சேருந்தோறும் கோடுகள் எத்துணை நகர்கின்றன என அளக்கத் தொடங்கினர்.

அக்குழுவில் இளைஞராயிருந்த இரிசோ பின்னர்ச் சுவிசு நாட்டின் இலோசான் நகரில் ஆய்வகம் அமைத்தார். மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகளை மின்புலத்தாற் பிடித்துவைத்து, குளிர்ந்த ஈலியத்தால் 10 கெல்வின் அளவுக்குத் தணிக்கும் பொறி அங்கு உருவாயிற்று. 2006-இல் மின்னேற்றம் பெற்ற திரிப்டோபானும், 2010-இல் அமினோக் காடிகள் பத்தால் வளையமாக அமைந்த கிராமிசிடின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் அப்பொறியில் தம் கோடுகளைக் காட்டின. ஆண்டு ஒளிர்வை எண்ணுவதில்லை. ஒளியை உண்ட மூலக்கூறு உடைந்து தரும் துண்டுகளை எண்ணுகின்றனர்.